வீடியோ எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆன்லைன் கேம் ஆடும்போது மட்டும் நெட் கட் ஆகிறதே, எப்படிச் சரிசெய்வது?

ஸ்பீட் டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது, படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, ஆனால் மேட்ச் பாதியில் ‘ரீகனெக்டிங்’ என்று வந்து வெளியே தள்ளிவிடுகிறது என்கிறீர்கள். அந்த 100-ஐ முதலில் மறந்துவிடுங்கள். கேமுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, பெரும்பாலான கேம்கள் 1 எம்பிபிஎஸ் கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை. வீடியோ பல விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் ஐந்து விநாடி நெட் போய்த் திரும்பினாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேம் அப்படி இல்லை. விநாடிக்குப் பல முறை பாக்கெட்டுகள், அதாவது சின்னச் சின்னத் தகவல் துண்டுகள், போய் வந்துகொண்டே இருக்க வேண்டும், தாமதமாக வந்தால் வந்தும் பயனில்லை. ஆக, பெரும்பாலும் உங்கள் நெட் மற்ற நேரமும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது. கேம் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

எங்கே அறுகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரௌட்டரின் முகவரிக்குப் பிங், அதாவது பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை, கொடுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, நெட்வொர்க் விவரத்தில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்று இருக்கும்). மற்றதில் 8.8.8.8-க்குக் (வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்) கொடுங்கள். இரண்டிலும் முகவரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபன் போட்டு சின்ன ‘டி’ எழுத்தைச் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மேக், லினக்ஸில் அது இல்லாமலே ஓடும். இரண்டையும் ஓடவிட்டு வழக்கம்போல ஆடுங்கள். கட் ஆன உடனே ஆல்ட்-டேப் அடித்துப் பாருங்கள்.

ரௌட்டர் ஜன்னலில் கேபிள் என்றால் 1 மில்லிவிநாடிக்குள், வைஃபை என்றால் 2, 3, 5 என்று பதில் வந்துகொண்டிருக்கும். கட் ஆன நேரத்தில் அங்கேயே ‘ரிக்வஸ்ட் டைம்டு அவுட்’ வரிகள் இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். ரௌட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றிருந்தால் ரௌட்டரிலோ அதற்கு வெளியே போகும் லைனிலோ. இரண்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் கேம் சர்வரையோ உங்கள் கணினியில் ஓடும் ஏதாவது மென்பொருளையோ சந்தேகப்படலாம்.

நான் பார்த்தவரை முதல் வகைதான் அதிகம், அதாவது வைஃபை. நல்ல மருந்து ஒரு லேன் கேபிள். கொஞ்ச நேரத்துக்காவது கேபிளைத் தரையில் இழுத்துப் போட்டு ஆடிப் பாருங்கள், கட் ஆகவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. கேபிளே போட முடியாத வீடு என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். மற்ற அலைவரிசையான 2.4-ல் பக்கத்து வீட்டு வைஃபைகள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கும். அதில்தான் இருந்தாக வேண்டும் என்றால் ரௌட்டர் அமைப்பில் சேனல் 1, 6, 11-ல் காலியாக இருப்பதைப் பிடியுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் தனித்தனிப் பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் லேப்டாப் அதுவாகவே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு திருட்டுத்தனம் உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்களைப் பெரும்பாலான நாடுகளில் ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் சிக்னல் போல எதையாவது கண்டால் ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலகியே ஆக வேண்டும், அதுதான் விதி. உங்களுக்கு அது காரணமே இல்லாத டிஸ்கனெக்ட் ஆகத் தெரியும். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிறுத்திவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேபிளிலும் கட் ஆகிறதா? நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் போர்ட்டுகளாக இருந்தும் 1000-க்குப் பதில் 100 காட்டினால், உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து பிளக் லொடலொடவென்று ஆடினாலும் இதே கதைதான். கேபிளை மாற்றுங்கள், ஒட்டுப்போட வேண்டாம்.

இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 8.8.8.8 ஜன்னலில் டைம் அவுட் வராது, ஆனால் 20, 22 என்று ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென்று 300, 500 என்று ஏறும். பெரும்பாலும் வீட்டில் யாருடைய போனோ அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்லோடு நிரம்பிவிட்டால் கேமின் குட்டிப் பாக்கெட்டுகள் அந்த வரிசையின் வாலில் நிற்கும். ரௌட்டரில் இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் போட்டுவிட்டு, வேக வரம்பை நிஜ வேகத்தில் 85-90 சதவீதமாக வையுங்கள். இல்லையென்றால் பேக்கப்பை ஆடாத நேரத்துக்குத் தள்ளுங்கள்.

டிஎன்எஸ் மாற்றச் சொல்லிப் பலர் சொல்வார்கள். டிஎன்எஸ் என்பது கேம் சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு சரி, மேட்ச் நடுவில் கட் ஆவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘கேம் பூஸ்டர்’ ஆப்களும் வேண்டாம். விபிஎன் (டிராஃபிக்கை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) மட்டும், இணைய நிறுவனம் உங்கள் டிராஃபிக்கைச் சுற்றுவழியில் அனுப்பினால் அபூர்வமாக உதவும்.

கேபிளில் ஆடியும் ரௌட்டர் ஜன்னல் நின்றாலோ, லைன்தான் கோளாறு என்று தெரிந்தாலோ, புகார் செய்வதற்கு முன் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். காலையிலிருந்து ஓடும் ரௌட்டர் ‘12 நிமிடம்’ என்று காட்டினால் அது தானாகவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பவர் அடாப்டர் சோர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். அது இல்லையென்றால், கேபிளில் இருந்தபடி எடுத்த இரண்டு ஜன்னல்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் கட் ஆன நேரத்தையும் சேர்த்து இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதினால் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக்காட்டிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். ஃபைபர் இணைப்பு என்றால், வரும் டெக்னீஷியனிடம் ஆப்டிகல் பவர் (வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் வலிமை) எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். வீடுகளுக்குப் பரவலாக வரும் ஜிபான் என்ற ஃபைபர் வகையில் அது மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் எல்லையில் நிற்கிறது. வளைந்த ஃபைபரையோ அழுக்கான கனெக்டரையோ சரிசெய்து, எண் ஏறியதைக் காட்டிவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும்.