இரைப்பை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பசி திரும்பிவிட்டது. இரைப்பை மறுபடி பெரிதாகிவிட்டதா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஸ்லீவ் ஆபரேஷன் செய்து எட்டு மாதமாம். ஆரம்பத்தில் சாப்பாட்டு நினைப்பே இல்லையாம், இப்போது காலை பத்து மணிக்கெல்லாம் வயிறு கிள்ளுகிறதாம். போட்ட பணமெல்லாம் வீணா என்று பயப்படுகிறார்.

நானும் பினாங்கில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவள், சில வருடம் ஆகிறது. வீணாகவில்லை தங்கச்சி. பசி திரும்பி வருவது இயல்புதான்.

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால்தான் முதல் சில மாதம் பசி அடங்கிக் கிடக்கிறது. எடை இறங்க இறங்க உடம்பு இழந்ததைத் திருப்பிக் கேட்க ஆரம்பிக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆகும்போது பலருக்கும் பசி எட்டிப் பார்த்துவிடும். பசி எடுத்ததை மட்டும் வைத்து இரைப்பை விரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

அது எந்தப் பசி என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தாகமே பாதி நேரம் பசி மாதிரி தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். நெஞ்சுக்குழியில் எரிச்சலோடு காந்துகிறது என்றால் அது அமிலமாக இருக்கலாம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது சகஜம். சாப்பாடு போட்டு அமுக்கப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை இருக்கிறது. இரண்டும் இல்லை, வெறும் அவித்த முட்டை கொடுத்தாலும் சாப்பிடுவேன் என்றால் அது நிஜப் பசி. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயமும் இருக்கிறது. பசியாற ரெண்டு மேரி பிஸ்கட்டை தே தாரிக்கில் நனைத்துச் சாப்பிட்டால் அது இரைப்பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பத்து மணிக்கு வயிறு கிள்ளாமல் என்ன செய்யும்? முறுக்கு, மைலோ, ஐஸ்கிரீம் எல்லாம் இந்த ரகம்தான். அதே நேரத்தில் ஒரு முட்டையும் ரெண்டு துண்டு தௌஃபூவும் மென்று சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, ஆகவே ஒவ்வொரு வேளையும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

மாமாக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நாசி கண்டார் கடையில் நான் இப்படித்தான் வாங்குகிறேன்: ஒரு துண்டு கோழியோ மீனோ, பக்கத்தில் வெண்டைக்காய், சோறு ரெண்டு கரண்டி, குழம்பு தனியாக. தட்டில் குழம்பை ஊற்றி மிதக்கவிட்டால் சோறு மெல்லாமலே உள்ளே போய்விடும். முதலில் கோழியை முடிப்பேன், பிறகு காய், இடமிருந்தால்தான் சோறு. தே ஓ கோசோங் அரை மணி நேரம் கழித்துத்தான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பவர்களுக்குச் சீக்கிரம் பசிக்கிறது என்பதுதான் டயட்டிஷியன்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. என் அனுபவமும் அதுதான்.

தைப்பூச விரதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் நமக்கு ஒத்துவராது. இந்தச் சின்ன இரைப்பையில் ஒரு நாள் புரதம் ஒரே வேளையில் ஏறாது. முருகனுக்கு சைவமாக இருங்கள், தெம்பே, தௌஃபூ, பருப்பு, தயிர் என்று வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் பந்தலுக்குப் பந்தல் இனிப்புத் தண்ணீர் நீட்டுவார்கள். வெறும் தண்ணீர் கேளுங்கள், அதுவும் தருவார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் "என்னம்மா, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறே" என்று இன்னொரு கரண்டி வைப்பார்கள். அவர்கள் பாசம் அப்படி. "அத்தை, இது செரிச்சதும் கேட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விட்டமின் மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் நிறுத்திவிடாதீர்கள், பி12, இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம். கை கால் மரத்துப்போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதையெல்லாம் சில வாரம் செய்தும் பசி அடங்காமல் எடை ஏறினால், சாப்பிட்டதையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு போய் உங்கள் சர்ஜனைப் பாருங்கள். பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் இப்போது இருக்கின்றன, உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் சொல்வார். போகக் கூச்சப்படாதீர்கள். எடை ஏறிய பிறகு வெட்கப்பட்டு செக்கப்புக்குப் போகாமலே நின்றுவிட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.