இரண்டாம் தவணை எப்போது, எங்கே, எந்த நம்பரில்? கொரோனா தடுப்பூசி கேள்வி பதில்

2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் மட்டும் தமிழ்நாட்டில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இந்தக் கேள்வி பதில் அதே மாதத்தின் கடைசி வாரத்தில் எழுதப்பட்டது; இதில் உள்ள விதிகளும் விலைகளும் அன்றைய நிலவரம். முதல் தவணை முடித்தவர்களிடமிருந்தும் இன்னும் தயங்கி நிற்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தடுப்பூசிப் பிரிவைக் கவனிக்கும் செவிலியர் பதில் சொன்னார்.

செல்வி, ஆவடி: சிஸ்டர், முதல் ஊசி என் மகன் போன் நம்பரில் போட்டோம். அவன் இப்போது துபாயில் இருக்கிறான், அந்த நம்பரும் இல்லை. ரெண்டாவது ஊசிக்கு என் நம்பரைக் கொடுத்தால் போதுமா?

அப்படிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. இப்போது நடக்கும் குழப்பத்தில் பாதி இதனால்தான். பதிவு மேசையில் இருப்பவர் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் இணையதளத்தில் உங்கள் போன் நம்பரைத் தட்டித்தான் பழைய பதிவைத் தேடுவார். புது நம்பர் கொடுத்தால் எதுவும் வராது. கூட்ட நெரிசலில் அவர் உங்களைப் புது ஆளாகப் பதிந்துவிடுவார். உடம்பில் ஏறியது இரண்டாவது ஊசி, ஆனால் கணக்கில் அது இன்னொரு முதல் ஊசி. கையில் முதல் தவணைச் சான்றிதழ் இரண்டு இருக்கும், முழுச் சான்றிதழ் இருக்காது.

முதல் ஊசிக்குக் கிடைத்த சான்றிதழில் 14 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், பயனாளி குறிப்பு எண் என்பார்கள். போன் நம்பர் போனாலும் அந்த எண்ணை வைத்துத் தேடலாம். அந்தத் தாளையும், முதல் தடவை காட்டிய அதே அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள். அன்றைக்கு ஆதார் காட்டியிருந்தால் இன்றைக்கும் ஆதார்தான், வாக்காளர் அட்டை வேண்டாம். மேசையை விட்டு நகரும் முன், "இது ரெண்டாவது டோஸ் என்று காட்டுகிறதா?" என்று கேட்டு, திரையில் முதல் ஊசி போட்ட தேதி தெரிகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகு கையை நீட்டினால் போதும்.

ஏற்கெனவே இரண்டு முதல் தவணையாகப் பதிவாகிவிட்டவர்கள் கோவின் தளத்தில் 'ரெய்ஸ் அன் இஷ்யூ' பகுதிக்குப் போய் இரண்டையும் இணைக்கக் கேட்கலாம். பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் மூன்றும் இரண்டு பதிவிலும் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஒன்றில் 'செல்வி', இன்னொன்றில் 'செல்வி கே' என்று இருந்தால் முதலில் பெயரைத் திருத்திக்கொண்டு பிறகு இணையுங்கள்.

முருகன், திண்டுக்கல்: கோவிஷீல்டு போட்டு 110 நாள் ஆகிவிட்டது. கெடு தாண்டிவிட்டதால் முதலிலிருந்து போட வேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம் ஐயா. எத்தனை நாள் தள்ளிப்போயிருந்தாலும் இரண்டாவதை மட்டும் போட்டால் போதும். 110 நாள் என்பது இன்னும் கெடுவுக்குள்தான் இருக்கிறது, ஏனென்றால் இடைவெளி 12 முதல் 16 வாரம். அதற்காக இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், நாளைக்கே போங்கள். டெல்டா வகைக் கொரோனாவுக்கு எதிராக ஒரு தவணை தரும் பாதுகாப்பு குறைவு, இரண்டாவது விழுந்த பிறகுதான் அது உயர்கிறது.

இடைவெளி பற்றி ஊரில் ஆளுக்கொரு கணக்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜனவரியில் தொடங்கியபோது 4 முதல் 6 வாரம் என்றார்கள். மார்ச்சில் 6 முதல் 8 ஆயிற்று. மே மாதத்தில் 12 முதல் 16 ஆக்கினார்கள், இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் நன்றாக வருகிறது என்று தெரிந்ததால். கோவேக்சினுக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை, 4 முதல் 6 வாரம்தான்.

கோவிஷீல்டின் 12 வாரத்துக்கு 84 நாளை விரல் விட்டு எண்ண வேண்டாம். 12 வாரம் என்றால் அதே கிழமையில் விழும். ஜூலை 1 வியாழக்கிழமை போட்டவருக்கு செப்டம்பர் 23 வியாழக்கிழமை. ஒரு நாள் முன்னால் வந்தாலும் கோவின் தளம் பதிவை ஏற்காது. மேசையில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் அந்த அதிகாரம் இல்லை. வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு மட்டும் 28 நாளுக்குப் பிறகு போடலாம் என்ற விலக்கு இருக்கிறது. பாஸ்போர்ட்டும், கல்லூரி அனுமதிக் கடிதமோ வேலைக் கடிதமோ கையில் வேண்டும்.

ஜெயந்தி, தஞ்சாவூர்: முகாமில் நாங்கள் எட்டு பேர் இருந்தோம். இன்னும் ரெண்டு பேர் வரட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஏன் இப்படி? எனக்குச் சரியாக மருந்து ஏற்றினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 5 மில்லி மருந்து இருக்கும். ஒருவருக்கு 0.5 மில்லி, ஆக 10 பேர். குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி இறங்கிய நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் அது தீர வேண்டும். மிச்சமானதை மறுநாளைக்கு வைக்க முடியாது, அப்புறப்படுத்தத்தான் வேண்டும். எட்டு பேருக்காகத் திறந்தால் இரண்டு பேருக்கான மருந்து வீணாகும் அபாயம் இருக்கிறது. உங்களுக்குச் சங்கடம்தான், ஆனாலும் தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தக் காத்திருப்பு இன்னொரு இரண்டு பேருக்கு ஊசியாக மாறுகிறது. மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து வந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

குப்பியில் 5 மில்லிக்குச் சற்று மேலேயே நிரப்பியிருப்பார்கள். கை பழகிய செவிலியர் சிந்தாமல் எடுத்தால் பதினொன்றாவது ஆளுக்கும், சில சமயம் பன்னிரண்டாவது ஆளுக்கும் முழு அளவு கிடைக்கும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல இடங்களில் வந்த மருந்தைவிட அதிகம் பேருக்குப் போட்டதன் ரகசியம் இதுதான். ஆனால் ஒரு குப்பியின் அடியில் இருக்கும் 0.3 மில்லியையும் இன்னொன்றின் 0.2 மில்லியையும் சேர்த்து ஒரு ஊசியாக்கக் கூடாது. கிருமி கலந்தால் எந்தக் குப்பி என்று கண்டுபிடிக்கக்கூட வழியிருக்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது: குப்பியின் மேல் மருந்தின் பெயரும் திறந்த நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. சிரிஞ்சை உங்கள் முன்னால் உறையிலிருந்து பிரிக்க வேண்டும். எங்களுக்குத் தரும் ஏடி சிரிஞ்சின் தண்டு 0.5 கோடு வரைதான் பின்னால் வரும். ஒரு முறை அழுத்தி முடித்ததும் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. அதனால் ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட முடியாது. மருந்து ஏறியதும் தண்டு கடைசிவரை உள்ளே போயிருப்பதைப் பாருங்கள். கோவிஷீல்டு ஏறக்குறைய தெளிவாக இருக்கும், குப்பியைக் குலுக்க மாட்டோம். கோவேக்சின் வெண்மையாகக் கலங்கலாக இருக்கும், எடுக்கும் முன் மெதுவாக அசைப்போம். நிறம் வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

இரண்டையும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைந்தால் கெட்டுவிடும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே மருந்து எடுத்துப்போகும் குளிர்பெட்டியில் அடுக்க மாட்டோம். மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைப்போம். காலையில் முகாம் தொடங்கத் தாமதமானால் பல நேரம் காரணம் இதுதான்.

அப்துல் காதர், வாணியம்பாடி: அத்தாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். போடலாமா?

முதலில் போட வேண்டியவரே அவர்தான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எதையும் ஊசிக்காக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்ட்டில் அடைப்பு வரலாம், அது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை சாப்பிடுகிறவராக இருந்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் கடைசி முடிவு, மருத்துவர் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும். ஊசி போடும் முன் எங்களிடம் சொல்லிவிடுங்கள். போட்ட இடத்தைப் பஞ்சால் 5 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. காலைச் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை எல்லாம் வழக்கம்போல. வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். மயங்கி விழுகிறவர்களில் பலர் பட்டினியோடு வரிசையில் நின்றவர்கள்.

கவிதா, சேலம்: அஞ்சு மாதக் கர்ப்பம். வீட்டில் மாமியார் வேண்டாம் என்கிறார்.

ஜூலை 2-ஆம் தேதியிலிருந்து கர்ப்பிணிகளுக்கு அனுமதி உண்டு, எந்த மாதமானாலும் போடலாம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த ஊசிகளில் உயிருள்ள கொரோனா கிருமி இல்லை. கர்ப்பத்தில் கொரோனா வந்தால் மூச்சுத்திணறல் கடுமையாவதும் குறைமாதப் பிரசவம் ஆவதும் அதிகம். உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லி அவரோடு ஒரு தடவை பேச வையுங்கள், பெரியவர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். காய்ச்சல் வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்த பிறகும் போடலாம், பாலை நிறுத்தத் தேவையில்லை.

பிரபு, கோவை: போட்ட அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் வருமா? முன்கூட்டியே மாத்திரை போடலாமா? எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

முன்கூட்டியே வேண்டாம் தம்பி. காய்ச்சல், உடல்வலி, தலைவலி வந்தால் பாராசிட்டமால் 650 ஒன்று, 6 மணி நேர இடைவெளியில். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். கை வலிக்கு ஈரத்துணி ஒற்றலாம். கையை அசைத்துக்கொண்டே இருங்கள், தூக்கிக் கட்டி வைக்காதீர்கள்.

கோவிஷீல்டு போட்ட 20 நாளுக்குள் இவற்றில் ஏதாவது வந்தால் தாமதிக்காதீர்கள்: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத வயிற்றுவலி, கால் வீக்கம், மாத்திரைக்கு அடங்காத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஊசி போடாத இடத்தில் குண்டூசி முனைபோலச் சிவப்புப் புள்ளிகள். ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தமும் உறையும் ஒரு கோளாறின் அறிகுறிகள் இவை; அது மிக அரிது, ஆனால் நேரத்தோடு பார்த்தால் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் முதல் வார்த்தையாக ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். தட்டணுக்கள் எண்ணிக்கையை உடனே பார்ப்பார், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைக் கொடுப்பதைத் தவிர்ப்பார்.

ரேவதி, நாகர்கோவில்: ஜூலையில் கொரோனா வந்து குணமானேன். எப்போது போடலாம்?

குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து. முதல் ஊசி போட்ட பிறகு கொரோனா வந்தவர்களுக்கும் இதே கணக்குதான். ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், அந்த எண்ணை வைத்து யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை.

பெயர் வேண்டாம், மதுரை: மாதவிலக்கு நாளில் போடலாமா?

தாராளமாக. எந்த நாளாக இருந்தாலும் போடலாம். இதற்காகவே டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

தினேஷ், திருப்பூர்: தனியாரில் எவ்வளவு? அங்கே போடுவது தரமானதா? ரத்ததானம் எப்போது செய்யலாம்?

2021 செப்டம்பர் நிலவரப்படி தனியாரில் ஒரு ஊசிக்கு உச்சவரம்பு கோவிஷீல்டுக்கு 780 ரூபாய், கோவேக்சினுக்கு 1,410, ரஷ்யாவின் ஸ்புட்னிக் தடுப்பூசிக்கு 1,145. சேவைக் கட்டணம் 150 ரூபாய் இதற்குள்ளேயே அடங்கும், மேலே கேட்டால் ரசீது கேளுங்கள். மருந்து ஒன்றுதான், அரசு நிலையத்தில் இலவசம். ரத்ததானம் 14 நாள் கழித்து. முதலில் எந்த மருந்தோ இரண்டாவதும் அதே மருந்துதான், மாற்றிப் போட அனுமதியில்லை.

சங்கர், காரைக்குடி: சான்றிதழில் 'சங்கர் எம்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. விமான நிலையத்தில் சிக்கலாகுமா?

ஆகலாம், அதனால் இப்போதே சரிசெய்யுங்கள். நம் ஊர் இனிஷியல் வழக்கம் வெளிநாட்டு அதிகாரிக்குப் புரியாது. கோவினில் ஊசிக்குக் கொடுத்த நம்பரோடு உள்ளே போய், 'ரெய்ஸ் அன் இஷ்யூ' பகுதியில் முதலில் பெயரைத் திருத்துங்கள், பிறகு அதே இடத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேருங்கள். பெயர்த் திருத்தத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் வீட்டில் இன்னொருவரை ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டாவது ஊசி போடாதவர்கள் பெயரைத் திருத்திய பிறகு முகாமுக்கு வந்தால் முழுச் சான்றிதழ் சரியாகவே வரும்.

மேரி, தூத்துக்குடி: அம்மா படுத்த படுக்கை. தூக்கிக்கொண்டு வர முடியாது. வீட்டுக்கு வருவார்களா?

வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலோ முகவரியைப் பதிந்து வையுங்கள், 104-இல் கூப்பிட்டும் கேட்கலாம். அதே தெருவில் நடக்க முடியாத இன்னும் சிலர் இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள். திறந்த குப்பி 4 மணி நேரத்துக்குள் தீர வேண்டும் என்பதால், ஒரே பகுதியில் பத்துப் பேர் சேர்ந்தால் குழு சீக்கிரம் வரும். அம்மாவின் ஆதார், மாத்திரைச் சீட்டு, ஓடிபி வரும் போன் மூன்றையும் கட்டிலருகே வைத்திருங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பு வீங்கி மூச்சுத் திணறியிருந்தால் முகவரி பதியும்போதே சொல்லுங்கள், அவருக்கு வீட்டில் போடுவதா மருத்துவமனையில் போடுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

போட்ட பிறகு குழுவினர் 30 நிமிடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் வரும், அதற்கான அட்ரினலின் ஊசி அவர்கள் பெட்டியில் இருக்கும். அவசரமாகப் போக வேண்டும் என்றால், "அரை மணி ஆகட்டும் சிஸ்டர்" என்று நிறுத்துங்கள்.