காலைப் பால் ஏன் முந்தின நாள் கணக்கில் ஏறுகிறது?

கேள்வி: கோ என்ற நிரல் மொழி பழகிக்கொண்டிருக்கிறேன். தேதியை அச்சிட ‘2024-12-25’ என்று மாதிரி கொடுத்தேன். ‘50530-95-57’ என்று வந்து நிற்கிறது. எரர் எதுவும் காட்டவில்லை. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் அதை ஓட்டியது செப்டம்பர் 5-ஆம் தேதி, ஏதோ ஒரு மணி 30 நிமிடம் 7 நொடிக்கு. இது உங்கள் விடையிலேயே இருக்கிறது. எந்த வருடம், எத்தனை மணி என்பது மட்டும் அதில் இல்லை.

கோ மொழியில் ஏதாவது ஒரு தேதியை மாதிரியாகக் கொடுக்க முடியாது, ஒரே ஒரு தருணம்தான் மாதிரி: 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி. அமெரிக்கர்கள் எழுதுவதுபோல மாதத்தை முதலில் வைத்து எண்ணிப் பாருங்கள், மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, வருடம் 6, அப்புறம் நேர வித்தியாசம் -0700, அது 7. நீங்கள் கொடுத்த 2024-இல் முதல் 2-ஐ நாள் என்று எடுத்து 5 போட்டது, அடுத்த 02-ஐ இரண்டு இலக்க நாள் என்று எடுத்து 05 போட்டது, 4-ஐ நிமிடமாக்கி 30 போட்டது, ஆக 50530. 12 என்பது மாதமும் நாளுமாகி 95 ஆயிற்று, 25 என்பது நாளும் நொடியுமாகி 57 ஆயிற்று. அதன் கணக்கில் எல்லாமே சரிதான், அதனால்தான் எரர் வரவில்லை.

‘2006-01-02 15:04:05’ என்று எழுதுங்கள், தேதி மட்டும் போதுமென்றால் முதல் பாதி. 1.20 பதிப்பிலிருந்து இவை பெயரோடு மாறிலியாகவே கிடைக்கின்றன, அதை எடுத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. 15-க்குப் பதிலாக 03 போட்டுவிட்டு கூடவே பிஎம் சேர்க்காவிட்டால் காலை 3 மணியும் மாலை 3 மணியும் ஒரே மாதிரி வரும். இதைவிட மோசமானது 01, 02 இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது: மாதத்தின் முதல் 12 நாளும் விடை நம்பும்படியாகவே இருக்கும், 13-ஆம் தேதிதான் குட்டு வெளிப்படும். எனக்கு இந்த முறை பிடிக்கும், மாதிரியைப் பார்த்தவுடனேயே விடை எப்படி வரும் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்க வரிசையை அடிப்படையாக வைத்தது, நாளை முதலில் எழுதிப் பழகிய நமக்கு அநாவசியச் சுமை.

கேள்வி: எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தேன். காலை 5 மணிக்கு ஊற்றுகிற பால் முந்தின நாள் கணக்கில் ஏறுகிறது. 6 மணிக்கு மேல் வருவது சரியாக இருக்கிறது. போனில் தேதியும் நேரமும் சரிதான்.

பதில்: தேதியை எழுத்தாக்க டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற கட்டளையைப் போட்டு, வருகிற எழுத்துகளில் முதல் பத்தை வெட்டி எடுக்கிறீர்கள், அப்படித்தானே? அது எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் தரும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு 5-ஆம் தேதி காலை 5:10 என்றால் யுடிசியில் இன்னும் 4-ஆம் தேதி இரவு 11:40. 5:29-க்கு ஊற்றிய பால் நேற்றைய கணக்கு, 5:31-க்கு ஊற்றியது இன்றைய கணக்கு.

தேதியை எழுத்தாக்கும் இடத்தில் டைம்ஸோன் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வெளிப்படையாகக் கொடுங்கள். போனில் ஓடும்போது உள்ளூர் நேரத்திலிருந்து வருடம், மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்து ஒட்டினாலும் சரியாக வரும் (மாதம் 0-விலிருந்து தொடங்கும், 1 கூட்ட மறக்காதீர்கள்), ஆனால் நாளைக்கே அந்த நிரலை சர்வருக்கு மாற்றினால் மறுபடியும் இதே வம்பு. உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் சீட்டில் தமிழில் வேண்டுமென்றால் மொழியை ‘டிஏ-ஐஎன்’ (தமிழ், இந்தியா) என்று கொடுத்து நீள வடிவம் கேளுங்கள், ‘5 செப்டம்பர், 2025’ என்று அதுவே எழுதிக் கொடுக்கும்.

உடனே பார்க்க வேண்டிய இன்னொன்று, பழைய பதிவுகள். ஊற்றிய நேரத்தை முழுதாகச் சேமித்திருந்தால் தேதிகளைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். வெட்டிய பத்து எழுத்தை மட்டும் டேட்டாபேஸில் போட்டிருந்தால் எந்தப் பதிவு விடியற்காலைப் பால், எது மாலைப் பால் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, சொசைட்டியின் கைநோட்டோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும். 1-ஆம் தேதி காலைப் பால் போன மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும், அது மாடு வைத்திருப்பவரின் பணம். நேரத்தை நேரமாகவே சேமியுங்கள், எழுத்தாக்குவதைக் கடைசியில், மனிதர் பார்க்கப்போகும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஜாவா மென்பொருளில் வருடம் முழுக்கச் சரியாக வந்த ரசீது, 2025 டிசம்பர் 30 அன்று ‘30-12-2026’ என்று அச்சானது. ஜனவரியில் தானாகச் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், திரும்ப வரும். தேதி ஃபார்மேட்டில் வருடத்துக்கான ஆங்கில ஒய் எழுத்து பெரியதாக இருக்கும், சின்னதாக்குங்கள். பெரிய ஒய் அந்த வாரம் எந்த வருடத்தைச் சேர்ந்தது என்பதைத் தரும். 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை, ஆகவே அந்த வாரம் முழுவதும் 2026-இன் முதல் வாரம், டிசம்பர் 30 உட்பட. நாளுக்கான டி-யைப் பெரியதாகப் போட்டாலும் இதே கதைதான், அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, ஜனவரி முழுக்கச் சரியாக வந்துவிட்டு பிப்ரவரி 1 அன்று 32 என்று காட்டும். எம் எழுத்தில் ஜாவாவுக்குப் பெரியது மாதம், சின்னது நிமிடம். பைத்தானுக்கு அப்படியே தலைகீழ். இரண்டிலும் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். டெஸ்ட் எழுதும்போது டிசம்பர் 30, பிப்ரவரி 1, மாலை 3 மணி, விடியற்காலை 5 மணி ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள்.

கேள்வி: நேரத்தின் பக்கத்தில் ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்று சேர்த்து எழுதினால் போதாதா?

பதில்: மனிதர் படிக்கப் போதும். இன்னொரு நிரல் படிக்கப் போதாது, அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே மூன்றெழுத்தைத்தான் வைத்திருக்கின்றன. யுடிசியில் ஓடும் சர்வரில் கோ மொழி இந்த மூன்றெழுத்தைப் படித்தால், பெயரை வைத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், எரர் கிடையாது. ‘2025-09-05 05:10:00+05:30’ என்று எழுதுங்கள்.