தூக்க மாத்திரை வேண்டாம், கூட ஒரு ஆள் வேண்டும்

(கால்நடை மருத்துவர் பதில்கள்)

கேள்வி: கோடை விடுமுறைக்குக் காரில் எட்டு மணி நேரப் பயணம் போகிறோம். நான்கு வயது லாப்ரடாரும் கூட வருகிறது. நாங்கள் சாப்பிட இறங்கும்போது காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்தானே? வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வர ஒரு மாத்திரை கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். எழுதித் தருவீர்களா, டாக்டர்?

பதில்: மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். எழுதித் தர மாட்டேன். மயக்க மருந்து கொடுத்த நாய்க்கு இரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதைப் பாதி உடைத்துக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் கசியும். வாயைத் திறந்து இரைத்து, நாக்கின் ஈரத்தைக் காற்றில் விட்டுத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூடிய காருக்குள் அந்தக் காற்றே கொதித்தால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருந்தாலே நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 34, அரை மணியில் 43 வரை ஏறிவிடும். 24 டிகிரி என்பது ‘இன்றைக்கு இதமாக இருக்கிறதே’ என்று நாம் சொல்லும் நாள்! இரண்டு விரல் இடைவெளிக்குக் கண்ணாடியை இறக்குவது நம் மனசாட்சிக்குத்தான் காற்று. நாய்க்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

நிழல் நகரும் என்பதை நானே என் நாயிடம்தான் கற்றேன். மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, ‘ரெண்டு நிமிஷ வேலை’ என்று போனவன் வரிசையில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது மரத்தின் நிழல் பக்கத்துக் காரின் மேல் கிடந்தது. கருப்பன் பிரேக் மிதிக்கு அடியில் மூக்கைத் திணித்துக்கொண்டு படுத்திருந்தான். நாக்கு நுனி கரண்டி மாதிரி அகன்று தொங்கியது. எச்சில் கோந்துபோல இழுபட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செங்கல் நிறம். கையில் இருந்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே ஓடினேன். பிழைத்தான். ஆனால் பல மாதம் கார் கதவைத் திறந்தாலே பின்வாங்கினான். இத்தனைக்கும் நான் நாய் வைத்தியன்!

அப்படி நேர்ந்தால் முதலில் குளிர்விக்க ஆரம்பியுங்கள், பிறகு மருத்துவரிடம் கிளம்புங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், காற்று படட்டும். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், துண்டு சூடேறி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். எழுந்து வாலை ஆட்டினாலும் பரிசோதனை அவசியம். சிறுநீரகக் கோளாறு பிறகு வெளிப்படலாம்.

ஆகவே நீங்கள் சாப்பிடும்போது கணவர் நாயோடு நிற்கட்டும், அவர் சாப்பிடும்போது நீங்கள். ரெண்டு மணிக்கொரு முறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வயிறு நிறையச் சாப்பாடு கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே முடியட்டும். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லையென்றால் அங்கே அதை நடக்கவிடாதீர்கள்.

இன்னொன்று. ‘வழியில் தொலைந்துவிட்டது’ என்று என்னிடம் அழுதவர்கள் பலர் சொன்ன கதை ஒன்றுதான்: கதவைத் திறந்தோம், பாய்ந்துவிட்டது. கதவு மூடியிருக்கும்போதே சங்கிலியை மாட்டி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பிறகு திறங்கள். கழுத்துப் பட்டையில் தொங்கும் தகட்டில் வீட்டுத் தொலைபேசி எண் வேண்டாம், பயணத்தில் உங்கள் கையில் இருக்கும் செல்போன் எண் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஐந்து மாதக் குட்டி, கார் கிளம்பிய கால் மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறது. பெரிதானால் சரியாகிவிடுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும். உடலின் சமநிலையைக் காக்கும் உட்காதுப் பகுதி குட்டிகளுக்கு முழுதாக வளர்ந்திருக்காது. ஆனால் எஞ்சின் போடும் முன்பே எச்சில் வடித்தாலோ, உதட்டை நக்கி நக்கிக் கொட்டாவி விட்டாலோ, அது பயம். கார் என்றால் ஊசி என்று அதற்குத் தெரிந்திருக்கும். (குற்றவாளி நாங்கள்தான்.) சில நாள் நிற்கிற காரில் உட்காரவைத்து தின்பண்டம் கொடுங்கள். அடுத்து எஞ்சினை மட்டும் போடுங்கள். பிறகு தெருமுனை வரை ஒரு சுற்று. அப்படியும் வாந்தி நிற்காவிட்டால் மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. எடை பார்த்துத்தான் தர வேண்டும், நேரில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: பக் நாயைக் கோடையில் கூட்டிப் போகலாமா?

பதில்: ஏசி நம்பகமாக ஓடினால், விடியும் முன் கிளம்ப முடிந்தால், போகலாம். சப்பை மூக்கு நாய்களுக்கு இரைப்பதே பெரும்பாடு. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வீட்டிலேயே, பழகிய ஒருவரிடம் விடுங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வருவது அதற்கு அவ்வளவு சந்தோஷம். தடுக்கணுமா?

பதில்: விடுமுறை முடிந்ததும் கண்ணில் மண் விழுந்து, சிவந்து வரும் நாய்கள் என்னிடம் உண்டு. மூக்கு நுனி மட்டும் வெளியே போகும் அளவுக்குக் கண்ணாடியை இறக்குங்கள். மோப்பம் பிடிக்க அது தாராளம்.