பல் வலி என்று போனாலே ஆன்டிபயாடிக் எழுதுகிறார்களே, இந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா?

முடியும். முதலில், பெரும்பாலான பல் வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் மென்மையான பகுதியான கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மட்டும் எப்படிப் போகும்? வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய வேண்டும், சீழை வடிக்க வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. காய்ச்சல் வந்தாலோ முகவீக்கம் பரவினாலோ கதை வேறு. அப்போது மாத்திரையும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும்.

மருத்துவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலியை விட்டுவிட்டுத் தருமபுரிக்கு பஸ் ஏறி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. மறு வருகைக்கு அவர் வருவாரா என்ற சந்தேகம் வேறு. நாமும் சும்மா இல்லை, "ஸ்ட்ராங்கா மாத்திரை எழுதுங்க சார்" என்கிறோம்.

ஸ்காட்லாந்தில் பல் மருத்துவமனைகளுக்கு அவரவர் எழுதிய ஆன்டிபயாடிக் கணக்கையே வரைபடமாக அனுப்பிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, எழுதுவது 5.7 சதவீதம் குறைந்தது. சிறிய எண்தான், ஆனால் செலவு ஒரு கடிதம். இங்கேயும் மாவட்ட அளவில் இதைச் செய்யலாம். மருந்துச் சீட்டில் காரணத்தை ஒரு வரி எழுத வைத்தாலே பாதிப் பேர் யோசிப்பார்கள் என்பது என் எண்ணம்.