கால் எங்கே வழுக்குகிறது? கிரிப் சாக்ஸ் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

பல வருடம் கால்பந்தில் நடுக்களத்தில் ஓடினேன். முட்டி கெஞ்ச ஆரம்பித்ததும், எங்கள் அணியின் பூட்ஸ், சாக்ஸ், பந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றவர்களின் ஈர சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டே இந்த விஷயத்தில் கொஞ்சம் ஞானம் வந்தது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெஞ்சில் இருப்பவன்: அண்ணா, முதல்ல இது என்னன்னே புரியல. அடியில ரப்பர் ஒட்டின சாக்ஸ், அவ்ளோதானே?

பார்க்க அவ்வளவுதான் தம்பி. பாதத்தின் அடியில் சிலிகானோ ரப்பர் மாதிரியான வேறு பொருளோ சின்னச் சின்னத் திட்டுகளாகப் பதித்திருப்பார்கள். ஆனால் அது எதற்கு என்று புரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

ஓடிக்கொண்டே இருக்கிறாய், சட்டென்று நின்று திரும்புகிறாய். அப்போது கால் வழுக்க மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டட்டுக்கும் (பூட்டின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்கள்) தரைக்கும் நடுவில். இரண்டு, சாக்ஸுக்கும் பூட்டின் இன்சோலுக்கும் (உள்ளே பாதம் படும் மெத்தைத் தகடு) நடுவில். மூன்று, உன் பாதத்துக்கும் சாக்ஸுக்கும் நடுவில். இந்த மூன்றில் எங்கே பிடிப்பு குறைவோ அங்கேதான் வழுக்கும். வெளிப்பக்கம் மட்டும் பிடிப்புள்ள கிரிப் சாக்ஸ் சரிசெய்வது இரண்டாவது இடத்தை மட்டும்தான். உனக்குச் சிக்கல் முதல் இடத்தில் என்றால் நீ பார்க்க வேண்டியது ஸ்டட்டை. மூன்றாவதில் என்றால் சாக்ஸின் அளவை.

வலது விங்கர்: எனக்கு எந்த இடத்தில் வழுக்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஆட்டம் முடிந்ததும் பூட்டை உடனே கழற்றி எறியாமல் ஒரு நிமிடம் பாருங்கள். சாக்ஸின் குதிகால் பை பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறதா? அப்படியென்றால் பாதம் சாக்ஸுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. சாக்ஸ் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் இன்சோலில் முன்பாதம் படும் இடம் தேய்ந்து பளபளக்கிறதா? அது சாக்ஸ் வழுக்கியதற்கு அடையாளம். உங்களுக்குத்தான் கிரிப் சாக்ஸ்.

பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது என்றால் பிரேக் போடும்போது கால் முன்னால் போய் மோதுகிறது. அதற்கும் கிரிப் சாக்ஸ் உதவும். ஆனால் அதற்கு முன் பூட்டின் நீளத்தையும் லேஸ் கட்டும் விதத்தையும் பாருங்கள். நடக்கும்போது குதிகால் மேலே எழும்பி இறங்கினால் பூட் உங்களுக்குப் பெரியது. பெரிய பூட்டுக்குக் கிரிப் சாக்ஸ் மருந்தில்லை. நான் பார்த்தவரை இதைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு பூட்டில்தான்.

அவசரக்காரன்: போட்டா வேகம் கூடுமா?

கூடாது. திரும்பும்போது கால் தடுமாறாது, அவ்வளவே.

நடுக்கள நாயகி: சிலவற்றில் வெளியே மட்டும் திட்டு இருக்கிறது, சிலவற்றில் உள்ளேயும் இருக்கிறது. எது நல்லது?

நல்ல கேள்வி. இந்த வகையைக் கால்பந்தில் பிரபலமாக்கிய ட்ரூசாக்ஸ் நிறுவனத்தின் சாக்ஸில் உள்ளும் புறமும் திட்டுகள் உண்டு. மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது இடங்களை ஒரே நேரத்தில் அடைக்கிற யோசனை அது. பிறகு வந்த பலரும் வெளிப்பக்கம் மட்டும் பதித்து, உட்பக்கத்தை இறுக்கமான துணியிடம் விட்டுவிட்டார்கள்.

என் தனிப்பட்ட கருத்து: பாதம் அதிகம் வியர்க்கிறவர்களுக்கு உள்ளேயும் திட்டு இருப்பது நல்லது. ஆனால் உள்ளங்கால் மென்மையாக இருந்தால் முதல் சில ஆட்டங்களில் ஒவ்வொரு திட்டும் தனித்தனியாகக் குத்துவது போலத் தெரியும், அச்சும் விழும். சிலருக்கு அது பழகிவிடும், சிலருக்குக் கடைசிவரை பழகாது. எனக்குப் பழகவில்லை. முதல் முறை முழு ஆட்டத்துக்குப் போடாதீர்கள். பயிற்சியில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள்.

திட்டின் வடிவத்துக்கு, அதாவது வட்டமா சதுரமா அறுகோணமா என்பதற்கு, நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். முன்பாதத்துக்கு அடியிலும் குதிகாலுக்கு அடியிலும் நெருக்கமாக இருக்க வேண்டும். பாதத்தின் வளைவில் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

முப்பத்தொன்பதும் நாற்பதும்: அளவு எப்படித் தேர்ந்தெடுப்பது? உறை மேல் 39 முதல் 46 வரை என்று போட்டிருக்கிறது!

ஒரே சாக்ஸ் ஏழெட்டு அளவுகளுக்குப் பொருந்தும் என்றால் அந்த வரிசையின் கீழ்க்கோடியில் இருக்கும் உங்களுக்கு அது தொளதொளவென்றுதான் இருக்கும். வேண்டாம்.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். தொளதொளப்பான கிரிப் சாக்ஸ் சாதாரண சாக்ஸைவிடக் கேடு. சாதாரண சாக்ஸில் கால் நகரும்போது சாக்ஸும் சேர்ந்து நகரும், உரசல் பெரும்பாலும் துணிக்கும் இன்சோலுக்கும் நடுவில் நடக்கும். கிரிப் சாக்ஸோ இன்சோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கால் நகர்ந்தே தீர வேண்டும் என்றால் மிச்சமிருக்கும் ஒரே இடம் தோலுக்கும் துணிக்கும் நடுவில்தான். அங்கே கொப்புளம் போடும். "கிரிப் சாக்ஸ் போட்ட பிறகுதான் கொப்புளமே வந்தது" என்கிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

போட்டதும் குதிகால் பை சரியாகக் குதிகாலில் உட்கார வேண்டும். உள்ளங்காலில் துணியைக் கிள்ளிப் பார்த்தால் கையில் வரக் கூடாது. விரல் நுனியில் மடிப்பு விழக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் சின்னதை எடுங்கள். ஆனால் விரல்கள் மடங்கும் அளவுக்குச் சின்னது வேண்டாம்.

ஸ்ட்ரைக்கர் அக்கா: வாங்கினேன், ஆனால் கால் பூட்டுக்குள்ளேயே போகவில்லை. இன்சோல் வேறு சுருண்டுகொண்டு வருகிறது.

இரண்டுமே வழக்கமான தொல்லைகள். கிரிப் சாக்ஸ் கொஞ்சம் தடிமனானது. ஏற்கெனவே கால் பிடித்தமாக இருந்த பூட் இப்போது அரை அளவு குறைந்தது போல இருக்கும். அதனால் புது பூட் வாங்கும்போது ஆடப்போகும் சாக்ஸையே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

போடும்போது லேஸை மேலே மட்டும் தளர்த்தாமல் கீழ்த் துளை வரை தளர்த்துங்கள். குதிகாலை உள்ளே நழுவவிட உதவும் ஷூ ஹார்ன் இருந்தால் சௌகரியம். இல்லையென்றால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் குதிகாலைச் சுற்றி மட்டும் வைத்து, காலை உள்ளே விட்டு, பிறகு பையை உருவிவிடுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒட்டாத இன்சோலைக் கிரிப் சாக்ஸ் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும். குதிகால் பக்கமும் முன்பாதப் பக்கமும் இருபுறமும் ஒட்டும் டேப் வைத்து ஒட்டுங்கள்.

அணித் தலைவர்: எங்கள் அணி சாக்ஸ் சிவப்பு. பசங்க எல்லாம் வெள்ளை கிரிப் சாக்ஸ் போட்டு வருகிறார்கள். நடுவர் ஒத்துக்கொள்வாரா?

கால்பந்து விதிகளில் 4ஆவது விதி ஆட்டக்காரரின் உடை, உபகரணங்களைப் பற்றியது. சாக்ஸ் மேல் வெளியே ஒட்டும் டேப்போ போடும் வேறு எதுவோ, அது எந்தப் பகுதியை மூடுகிறதோ அந்தப் பகுதியின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது அது. ஷின் கார்டை, அதாவது முன்னங்கால் எலும்புக்கான காப்பை, சாக்ஸ் மூடியிருக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

வழக்கமாகச் செய்வது இது: அணி சாக்ஸின் பாதப் பகுதியைக் கணுக்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டு, மேல் குழாயை மட்டும் காலில் ஏற்றிக்கொண்டு, உள்ளே குட்டையான கிரிப் சாக்ஸைப் போட்டு, சேரும் இடத்தில் சிவப்பு டேப் சுற்றுவது. வெள்ளை எட்டிப் பார்த்தால் சில நடுவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலர் வெளியே போய் மாற்றிவிட்டு வரச் சொல்வார்கள். சிவப்பு கிரிப் சாக்ஸே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. டேப்பை மட்டும் இறுக்கிச் சுற்ற விடாதீர்கள், பாதம் மரத்துப்போகும்.

கெண்டைக்கால்: பெரிய ஆட்டக்காரர்கள் சாக்ஸின் பின்பக்கம் ஓட்டை போட்டுக்கொள்கிறார்களே, அதுவும் பிடிப்புக்கா?

இல்லை, அது வேறு. கைல் வாக்கர், ஜூட் பெல்லிங்ஹாம், புகாயோ சாக்கா எல்லாரும் அப்படி ஆடிப் பார்த்திருப்பீர்கள். புது சாக்ஸ் கெண்டைக்காலை இறுக்குவதைத் தளர்த்துவதற்காகச் செய்வது. உங்கள் சாக்ஸ் இறுக்கவில்லை என்றால் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

இரண்டு ஜோடிப் பிரியர்: உள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று, மேலே கிரிப் சாக்ஸ். இரட்டைப் பாதுகாப்புதானே?

இரட்டைக் குழப்பம். இரண்டு சாக்ஸ் போடுவது நல்ல பழைய உத்திதான், நீண்ட தூரம் நடக்கிறவர்கள் இன்றும் செய்கிறார்கள். ஆனால் அதன் தத்துவமே வேறு: "வழுக்கட்டும், ஆனால் தோலில் வேண்டாம், இரண்டு துணிகளுக்கு நடுவில் வழுக்கட்டும்." கிரிப் சாக்ஸின் தத்துவம் "வழுக்கவே வேண்டாம்." இரண்டையும் சேர்த்தால் பூட்டை சாக்ஸ் பிடித்திருக்கும், உள்ளே உங்கள் கால் மட்டும் தனியாகச் சறுக்கும். கிரிப்பின் பலன் போயிற்று.

கொப்புளம்தான் உங்கள் ஒரே கவலை, திரும்பும்போது கால் தடுமாறுவதில்லை என்றால் மெல்லிய உள் சாக்ஸும் சாதாரண சாக்ஸுமே போதும். விரலிடுக்கில் கொப்புளம் வந்தால் கையுறை மாதிரி ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் உள்ள சாக்ஸைப் பாருங்கள்.

யோகா செய்பவர்: வீட்டில் யோகா கிரிப் சாக்ஸ் இருக்கிறது. அதையே போட்டு ஆடலாமா?

வேண்டாம். அது வழவழப்பான தரையில் வெறும் சாக்ஸோடு நிற்பதற்குச் செய்தது. பூட்டுக்குள் ஓடித் திரும்பும் இழுப்புக்கு அந்தப் புள்ளிகள் தாங்காது. துணியும் பெரும்பாலும் பருத்தி, வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். ஈரத் தோலில் உரசல் கூடும், கொப்புளம் சுலபமாக வரும். பாலியஸ்டர், நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் (இழுபடும் நூல்) கலந்த துணிதான் இதற்குத் தோது.

துவைத்துக் கெடுத்தவன்: நாலே துவையலில் திட்டுகள் உரிந்துவிட்டன. சாக்ஸ் மட்டமா, நான்தான் மட்டமா?

இரண்டில் ஒன்றாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். நானும் ஒருமுறை பார்க்க அழகாக இருக்கிறதே என்று முழு அணிக்கும் ஒரே மாதிரி வாங்கினேன். மூன்றாவது வாரம் துவைக்கும் எந்திரத்தின் அடியில் சாக்ஸை விடத் திட்டுகள்தான் அதிகம் கிடந்தன. அன்றிலிருந்து வாங்குவதற்கு முன் கையால் ஒரு சோதனை: துணியை இரு பக்கமும் நன்றாக இழுக்கிறேன். திட்டின் ஓரம் மேலெழுந்தாலோ விரிசல் விட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாலும் வரக் கூடாது.

துவைப்பது எப்படி என்றால், உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், அதிகபட்சம் 30 டிகிரியில். துணி மென்மையாக்கும் திரவத்தைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அது திட்டின் மேல் வழவழப்பாகப் படிந்து பிடிப்பைக் கெடுத்துவிடும். வெள்ளை சாக்ஸ் என்று பிளீச் போடாதீர்கள். உலர்த்தும் எந்திரம், இஸ்திரி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், சுட்டெரிக்கும் வெயில் எதுவும் வேண்டாம், நிழலில் காயட்டும்.

பிடிப்பு குறைந்தது போலிருந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். செயற்கைப் புல்தரையின் கறுப்பு ரப்பர்த் துகளும் தூசியும் திட்டுகளில் அப்பியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பாதி சாக்ஸ் உயிர்த்தெழும். இன்சோலையும் அப்படியே துடைத்துவிடுங்கள். தூசி படிந்த இன்சோலை எந்தத் திட்டாலும் பிடிக்க முடியாது.

ஒன்பது வயதுக் கோல்கீப்பரின் அம்மா: பையன் கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

வாங்கித் தந்தால் தப்பில்லை, தராவிட்டாலும் அவன் ஆட்டம் குறையாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் அம்மா: "வளர்கிற பிள்ளை" என்று ஒன்றிரண்டு அளவு பெரிய பூட் வாங்கி, அது கழலாமல் இருக்கக் கிரிப் சாக்ஸ் போட்டுவிடாதீர்கள். அந்தக் காசுக்கு அவன் காலுக்குச் சரியான பூட் வாங்குங்கள்.

மழையில் ஆடுபவன்: மைதானம் சேறாக இருக்கும்போது பிரயோஜனம் உண்டா?

பூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எல்லாப் பிடிப்பும் குறையும், இதுவும் குறையும். ஆனாலும் ஊறிப்போன பருத்தி சாக்ஸைவிட மேல். இடைவேளையில் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கணுக்கால் சுளுக்கியவர்: இது கணுக்காலுக்குப் பாதுகாப்பா?

இல்லை ஐயா. சாக்ஸ் கணுக்காலைத் தாங்காது, காயத்தைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். பழைய சுளுக்கு இருந்தால் பிசியோவிடம் காட்டிப் பயிற்சி கேளுங்கள். மைதானத்துக்குப் பொருத்தமான ஸ்டட்டும் முக்கியம். செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் போட்டு, உள்ளே காலும் இம்மியும் அசையாமல் இருந்தால், திரும்பும் விசை முழுக்க முட்டியிலும் கணுக்காலிலும் இறங்கும்.

ஐம்பதைத் தாண்டியவர்: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. வாரம் ஒருநாள் நண்பர்களோடு ஆடுகிறேன். போடலாமா?

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உள்ளே திட்டு உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். அது அழுத்துவதே உங்களுக்குத் தெரியாமல் புண்ணாகிவிடலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எந்தச் சாக்ஸ் போட்டாலும் ஆடி முடித்ததும் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில், விரலிடுக்கு வரை பாருங்கள்.

கொப்புளத்தோடு எழுதுகிறேன்: நாளை மறுநாள் ஆட்டம். குதிகாலில் பெரிய கொப்புளம். உடைத்துவிடவா?

உடையாமல் இருந்தால் அப்படியே விடுங்கள், மேலே பஞ்சு வைத்த பிளாஸ்டர் ஒட்டுங்கள். தானே உடைந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, மேல்தோலைப் பிய்க்காமல் மூடி வையுங்கள். சிவந்து சுட்டாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போங்கள், ஆட்டம் அடுத்த வாரமும் வரும். நாளை மறுநாள் ஆடியே தீருவேன் என்றால் பழகின பழைய சாக்ஸிலேயே ஆடுங்கள். புது கிரிப் சாக்ஸை அன்றைக்குத் திறக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி என்னுடையது: எப்போது தூக்கிப் போட வேண்டும்?

கழுவிக் காயவைத்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு, பூட் இல்லாமல் வழவழப்பான தரையில் பாதத்தை மெல்ல முன்னே தள்ளிப் பாருங்கள். தடையே இல்லாமல் போனால் அதன் ஆயுள் முடிந்தது. குதிகால் எலாஸ்டிக் தொய்ந்துவிட்டாலும் அப்படியே. தூக்கிப் போட மனசில்லை என்றால் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நான் இதை எழுதும்போதும் காலில் அப்படி ஒரு ஜோடிதான் இருக்கிறது.