கதவை மூடிப் பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்

கேள்வி: ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் 1966 மாடல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் இருபது வருடமாக நிற்கிறது. பேரன் விற்கிறார், நாலரை லட்சம் சொல்கிறார். எஞ்சின் சுற்றவில்லை. "துரு மேலாகத்தான் இருக்கு, எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு பெயிண்ட் அடிச்சா போதும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே வைத்து வேலை செய்ய ஆசை. வாங்கலாமா அண்ணா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தம்பி, எஞ்சின் சுற்றவில்லை என்பதை நீங்கள் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள், துருவைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கவலை துருவைப் பற்றித்தான். எஞ்சினை இறக்கி ஒரு நல்ல லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரு தொகை சொல்வார்கள், அதோடு முடியும். தகரம் அப்படி இல்லை, பிரிக்கப் பிரிக்கத்தான் கணக்கு தெரியும்.

இந்தக் காரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம்ம வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு ஃபேக்டரியில் 1961 முதல் செய்த ஹெரால்டு காருக்கு ஸ்பிட்ஃபயர் சித்தப்பா மகன் மாதிரி. ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கி 1962-ல் இங்கிலாந்தில் இறக்கிய வண்டி. ஆனால் ஹெரால்டில் சேஸிஸின் கைகள் பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும், கதவுக்குக் கீழே இருக்கும் சில் என்கிற பகுதி சும்மா போல்ட் போட்டு மாட்டிய மூடிதான். ஸ்பிட்ஃபயருக்கு நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு சேஸிஸ் மட்டும் உண்டு, பக்கத்துப் பலம் முழுவதும் அந்த சில்லில்தான். கூரையும் கிடையாது. ஆக, சில் துருப்பிடித்துப் போனால் வண்டி நடுவில் தொங்க ஆரம்பித்துவிடும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். கதவின் பின்பக்க இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி தொங்கிவிட்டது என்று அர்த்தம். கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிறது, ஆனால் கீல் ஆடவில்லை என்றால் அதுவும் அதே கதைதான். அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில், டயருக்கு மேலே வளைந்து வரும் வீல் ஆர்ச், கதவின் அடிப்பகுதி எல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் உள்ளே தகரம் இல்லை, பள்ளத்தை மூடப் பூசிய பட்டிதான். கால் வைக்கிற இடத்தில் கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், ஓனரிடம் கேட்டுவிட்டு. டணார் என்றால் சரி. நொறுக் என்று இறங்கி, எடுக்கும்போது முறுக்குத் தூள் மாதிரி கொட்டினால் விலையை மறுபடி பேச வேண்டும்.

நான் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் பளபளவென்று பெயிண்ட் அடித்த ஒரு ஹெரால்டைப் பெயிண்டைப் பார்த்தே வாங்கினவன் நான். இரண்டாவது மழைக்காலம் முடியும்போது பின் வீல் ஆர்ச்சில் எட்டணா அகலத்துக்கு ஒரு கொப்புளம். நகத்தால் கிள்ளினேன், பெயிண்ட் வந்தது. அதன் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே சாக்குத் துணி, அதற்கும் கீழே சுருட்டித் திணித்த நியூஸ் பேப்பர். அதில் ஒரு அரிசி மண்டி விளம்பரம் தெளிவாகப் படிக்க முடிந்தது, தகரம்தான் எங்கேயும் தட்டுப்படவில்லை. விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

நம்ம ஏரியாவில் துரு ஏன் இவ்வளவு வேகம் என்றால், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் காற்றிலேயே உப்பு வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயில் அடித்தாலும் துருக் குழிக்குள் காயாது. அதனால் தேய்த்து எடுத்து மினுமினுவென்று தெரிந்தாலும் குழிக்குள் உப்பு இருக்கும், அதன் மேல் பெயிண்ட் அடித்தால் ஒரு வருடத்தில் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டு இரண்டு மூன்று முறை கழுவி, ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ வைத்து முழுக்கக் காய வைத்துவிட்டு அன்றைக்கே ப்ரைமர் அடிக்க வேண்டும். காலையில் தேய்த்துவிட்டு மறுநாள் அடிக்கலாம் என்று விட்டால் விடியும்போது ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். முக்கியமானது, கழுவுவதற்கு வீட்டு போர் தண்ணீர் வேண்டாம். வடசென்னை போரில் பாதி கடல்தான். மெட்ரோ தண்ணீர், கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர்.

ப்ரைமரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கிரில் கேட்டுக்கு அடிக்கிற சாதா ரெட் ஆக்ஸைடு இங்கே தாங்காது, இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி ப்ரைமர் வாங்குங்கள். பட்டி பார்ப்பது அதற்கு மேலேதான், வெறும் தகரத்தில் நேராக இல்லை, பட்டி ஈரத்தைக் குடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஏற்றது சின்னச் சாமான்கள். பிராக்கெட், கீல், பம்பர் தாங்கி மாதிரியானதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் மைனஸை சாமானுக்கும் பிளஸை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால் ராத்திரியோடு துரு கழன்று வரும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது, அதிலிருந்து வரும் குரோமியம் விஷம். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வையுங்கள்.

வெல்டிங் மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். பாடித் தகரம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, கேட் செய்கிற ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும், சிஓ2 வெல்டிங் வேண்டும். சில்லை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து பற்ற வைத்து இறுக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், அதுவும் ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். "அதெல்லாம் தேவை இல்ல சார்" என்கிற டிங்கரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வெல்டிங் முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள், அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துவிடாமல் பாருங்கள்.

எஞ்சினுக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, எஞ்சினுக்கு முன்னால், கீழ்ப் புல்லியின் நடுவில் இருக்கும் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்கிறேன் என்று கிளம்பும் நண்பர்களை அன்றைக்கு வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். போல்ட் எல்லாம் இன்ச் அளவு, மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் தலை தேயும். பேட்டரி மாட்டும்போதும் கவனம், 1966 ஸ்பிட்ஃபயரில் பிளஸ்தான் பாடியில் எர்த், 1967-ல் வந்த மார்க் 3 மாடலில்தான் மாற்றினார்கள். இடையில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இப்போது பேப்பர். ஆர்சி தாத்தா பெயரில் இருந்தால் பேரன் கையெழுத்து போதாது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற படிவம் 31 இருக்கிறது. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் வண்டியில் பார்த்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். எம்எஸ் என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பராக இருந்தால் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஆர்டிஓவில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 50 வருடம் தாண்டியதால் 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவுக்கும் போகலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு, அவ்வளவுதான்.

விலை? சில் நன்றாக இருந்து பேப்பரும் சுத்தமாக இருந்தால் பேசலாம். ஸ்க்ரூ டிரைவர் இறங்கினால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன், தகர வேலை மீதியைத் தின்றுவிடும். வீட்டில் சொன்ன பட்ஜெட் என்னவோ அதை வண்டி வாங்குவதிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: பெரம்பூரில் ஒரு பட்டறையில் என் பழைய ஃபியட்டுக்கு முழு டிங்கரிங், பெயிண்டிங் செய்து 1,40,000 ரூபாய் கொடுத்தேன். எட்டே மாதத்தில் கொப்புளம். "கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். பில் இல்லை, ஜிபே மட்டும்தான். ஏதாவது செய்ய முடியுமா?
- கொளத்தூர் வாசகர்

பதில்: முடியும். தனி ஆள் தன் காரை விற்றால் நுகர்வோர் சட்டம் உதவாது, மேலே தண்டையார்பேட்டைத் தம்பிக்கும் இது பொருந்தும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிற பட்டறை சேவை தருகிறது, சேவைக் குறைபாடு என்று நீங்கள் கேட்கலாம். ஜிபே விவரமும் வாட்ஸ்அப்பில் பேசிய செய்திகளும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். கொப்புளங்களைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். வேறொரு பட்டறையில் ஒரு கொப்புளத்தை மட்டும் கிளறச் சொல்லி, பழைய துருவின் மேலேயே பட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். கடல் காற்று வெளியிலிருந்து உள்ளே போகும், உங்கள் வண்டியில் உள்ளிருந்து வெளியே வந்திருந்தால் அவர்கள் பேச்சு நிற்காது. முதலில் பதிவுத் தபாலில் பதினைந்து நாள் கெடு கொடுத்து நோட்டீஸ், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து ஒரு புகார், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை வேலைக்கு விடும்போது "முழு வேலை" என்று ஒரு வரியில் எழுதி வாங்காதீர்கள். எந்த இடத்தில் தகரம் மாற்றுகிறார்கள், எந்த ப்ரைமர், இது இரண்டும் பேப்பரில் இருக்கட்டும். ப்ரைமர் அடிப்பதற்கு முன் வெறும் தகரத்தை நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பேர் கிடைக்காத பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மாருதி எஞ்சின் வைத்தால் செலவு குறையும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- மாதவரம் வாசகர்

பதில்: ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றக் கூடாது. பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு வின்டேஜ் பதிவும் இல்லை. விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பதும் ஒரிஜினல் எஞ்சின் எங்கே என்றுதான். மெக்கானிக்குக்கு எது சுலபம் என்பதை அவர் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பெட்ரோல் டேங்கில் ஊசி ஓட்டை. காலி டேங்க்தான், தெருமுனை வெல்டரிடம் வைத்துக்கொள்ளலாமா?
- எண்ணூர் வாசகர்

பதில்: காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், காற்றோடு கலந்து ஒரு பொறி பட்டால் வெடிக்கும். ரேடியேட்டரும் டேங்கும் மட்டுமே பார்க்கிற கடைக்குக் கொண்டுபோங்கள், கொதிநீரில் கழுவித்தான் கை வைப்பார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள், இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பரை அது தின்றுவிடும்.